கூரை வழியாக வந்தவன்

செத்துப்போனான் என்று ஊரே அழுது முடித்த பிறகு ஒருவன் உயிரோடு திரும்பி வந்தால், அவன் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக் கூடாது. கூரையில் ஏறி, முற்றத்துத் திறப்பு வழியாக இறங்க வேண்டும். எங்கள் துறைமுக ஊரான சலோனாவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். துர்பியோவுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மடையன் நேராக வந்து வாசற்கதவைத் தட்டினான்.

நான் எதிர்க்கடையில் நின்று கொண்டைக்கடலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் யாரோ பிச்சைக்காரன் என்றுதான் நினைத்தேன். மார்பு வரை தாடி. இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்க, உடைந்த துடுப்பு ஒன்றை ஊன்றி நின்றான். "அவில்லியா, நான்தான் வந்திருக்கேன்" என்று அவன் குரல் கொடுத்ததும் கஞ்சி ஊற்றுகிறவள் கரண்டியைப் போட்டுவிட்டு அலறினாள்.

கதவு திறந்தது. அவன் மனைவி அவில்லியா நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அடித்துச் சாத்தவில்லை. பால் சட்டியை மூடுகிற மாதிரி மெதுவாகத்தான் சாத்தினாள்.

"அடியே, நான்தாண்டி! துர்பியோ!"

"துர்பியோ செத்துட்டாரு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ரோட்டோரமா கல்லு நட்டிருக்கு. போய்ப் பாரு."

அவள் சொன்னது பொய்யில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் துர்பியோ அக்விலேயா துறைமுகத்துக்கு எண்ணெய் ஏற்றிக்கொண்டு போன கப்பல், வடகாற்றில் மாட்டிக்கொண்டது. கரைக்கு வந்தது ஒரு பாய்மரமும் ஊதிப்போன இரண்டு பிணங்களும்தான். துர்பியோவின் உடல் வரவில்லை. உடல் இல்லாவிட்டால் ஆவி போக இடம் தெரியாமல் தண்ணீரில் அலையும் அல்லவா, அதனால் ஊர் வாசலுக்கு வெளியே வெறும் குழி ஒன்று தோண்டி, கல் நட்டு, அவில்லியா கடலைப் பார்த்து மூன்று முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் வந்து அந்தக் குழியில் அடங்கிவிடுவார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பருப்பும் முட்டையும் சாப்பிட்டோம். முட்டை கொஞ்சம் பழசு.

நான் சோதிரா. மருத்துவச்சி. இந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் நான்தான். அம்மணமாகப் பார்த்தவள் என்பதாலோ என்னவோ, யாருக்கும் என்னிடம் பெரிய மரியாதை கிடையாது. எனக்கும் அவர்களிடம் கிடையாது.

கொஞ்ச நேரத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. அவன் தண்ணீர் கேட்டான், யாரும் கொடுக்கவில்லை. செத்தவன் வாய் வைத்த குவளையை அப்புறம் யார் தொடுவது? ஆனால் வாய் மட்டும் எல்லோருக்கும் நீளமாகத்தான் இருந்தது.

"கடலுக்கு அடியில சாப்பாடெல்லாம் எப்படிய்யா?"

"மீனுதான்" என்றான் துர்பியோ. "வேற என்ன கெடைக்கும்?"

"அப்ப உன் கல்லை நான் எடுத்துக்கவா? எங்க மாமனாருக்கு ஆகும். பேரை மட்டும் மாத்திச் செதுக்கிட்டா போதும்."

அவன் சிரித்தான். சிரித்தபோது முன்பல் ஒன்று இல்லாதது தெரிந்தது. ஊருக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டிருந்தான், பாவம்.

அப்புறம் ஸ்கைவா வந்தான். கோழிக் குடலைப் பார்த்து நல்ல நாள் கெட்ட நாள் சொல்கிறவன். கல்யாணத்துக்கும் அவன்தான், காணாமல் போன ஆட்டுக்கும் அவன்தான். கையில் இருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"கூரை வழியா எறங்கணும்" என்றான்.

"அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. இதைச் சொல்ல நீ எதுக்கு?" என்றேன்.

"நீ சும்மா இரு சோதிரா. எறங்கினா மட்டும் போதாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, குழியில அடக்கி, ரெண்டு வருஷம் படையல் போட்டாச்சு. இவன் அந்தப் பக்கத்து ஆளு. இந்தப் பக்கம் வரணும்னா புதுசாப் பொறந்துதான் வரணும். மருத்துவச்சி குளிப்பாட்டணும், துணி சுத்தணும், அடுப்புக்கு முன்னால தரையில கெடத்தணும். வீட்டுக்கு உரியவங்க தூக்கணும். தூக்கிட்டா இவன் உயிரோட இருக்கறவன்."

"தூக்கலைன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தூக்காத புள்ளைக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? ஊருக்கு வெளியதான். சமாதிங்களோட படுத்துக்க வேண்டியதுதான். ஒருத்தரும் நெருப்பும் தரக் கூடாது, தண்ணியும் தரக் கூடாது."

துர்பியோவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "வீட்டுக்கு உரியவன் நான்தானே?" என்றான்.

"நீதான் செத்துட்டியே. இப்ப அடுப்பு அவளோட அடுப்பு. அவதான் தூக்கணும்."

"அவளா? அப்பாடா!" என்று மூச்சு விட்டான் துர்பியோ. "அவ தூக்கிடுவா. அவளுக்கு எளகின மனசு."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தான்.

நாற்பது வயதுக் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டிய தலையெழுத்து எனக்கு. புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சுற்றுத்துணிச் சுருளையும் உப்பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். நான் தட்டியதும் கதவு திறந்தது. நான்தான் சாகவில்லையே.

அவில்லியா மறுபடி அம்மிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பூண்டும் பாலாடைக்கட்டியும் அரைத்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பதினாலு வயசுப் பெண், நல்ல வளர்த்தி.

"அம்மா, அப்பா வெயில்ல நிக்கிறாரும்மா. இடுப்பு வேற ஒடைஞ்சிருக்கு."

"தெரியும் பெரியவளே. அடுப்பைப் பாரு, அணைஞ்சிரப் போகுது."

எங்களில் பெண்பிள்ளைக்கென்று தனிப் பெயர் கிடையாது. அப்பன் குலப்பெயர்தான். நேவியஸ் துர்பியோவின் மகள் என்றால் நேவியா. இரண்டு பெண்கள் இருந்தால் பெரிய நேவியா, சின்ன நேவியா. ஒரே பெண் என்றால் வெறும் நேவியா. ஆனால் அவில்லியா தன் ஒரே மகளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவாள். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் "அப்ப சின்னவ எங்கே?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்ல மாட்டாள். கேட்டவர்களும் இன்னொரு முறை கேட்க மாட்டார்கள்.

சின்னவளை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அடுப்புக்கு முன்னால் நான்தான் அவளைத் தரையில் கிடத்தினேன். நல்ல எடை, நல்ல தொண்டை. கைகாலில் ஒரு குறை இல்லை. துர்பியோ துறைமுகத்திலிருந்து வந்தான். அந்த வருஷம் ஆண்பிள்ளை வேண்டுமென்று கோயில் கோயிலாகக் கோழி கொடுத்திருந்தான். "என்ன புள்ள?" என்று வாசலில் நின்றே கேட்டான். "பொண்ணு" என்றேன். அவன் உள்ளே வரவில்லை. திரும்பித் துறைமுகத்துக்கே போய்விட்டான். கத்தவில்லை, திட்டவில்லை. அப்பன் தரையிலிருந்து தூக்கினால்தான் அது வீட்டுப் பிள்ளை; தூக்கவில்லை என்றால் அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் அவனுடைய அம்மா வீட்டு வேலைக்காரன் கூடையோடு வந்தான். குழந்தையை அதில் எடுத்துப்போய், ஊரின் கிழக்கு வாசலுக்கு வெளியே குப்பைமேட்டில் வைத்துவிட்டுப் போனான். அவில்லியா எழுந்து நடக்க முடிந்த அன்றைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தாள். கூடை மட்டும்தான் இருந்தது. அங்கே கிடக்கிற குழந்தையை யாராவது எடுத்துப்போய் வளர்ப்பதும் உண்டு, நாய் இழுத்துப் போவதும் உண்டு. எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர் வைக்கிற நாள் வராத குழந்தைக்குக் கல்லும் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. மருத்துவச்சியின் வேலை தரையில் கிடத்துவது வரைதான். தூக்குவது என் வேலை இல்லை.

"ஏண்டி" என்றேன் அவில்லியாவிடம். "வேணாம்னா இப்பவே சொல்லிடு. கூரை ஏத்தி, எறக்கி, அப்புறம் வேணாம்னா நல்லா இருக்காது."

"எறங்கட்டும் அக்கா. யாரு வேணாம்னா?"

"தூக்கணுமேடி."

"மொதல்ல எறங்கட்டும்" என்றாள். அரைப்பதை நிறுத்தவில்லை.

"உன் மனசுல என்னதான் இருக்கு?"

"பூண்டு இருக்கு. போய் வெந்நி போடுங்க" என்றாள்.

வெளியே அவனைக் கூரை மேல் ஏற்றும் கூத்து நடந்தது. ஏணியில் ஏற அவன் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கல்லுடைக்கும் இடத்தில் பாரம் இழுக்கிற பிளாதோரைக் கூப்பிட்டார்கள். அவன் கப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்து, துர்பியோவின் அக்குளுக்கு அடியில் முடிச்சுப் போட்டு இழுத்தான்.

"மெதுவாடா! இது கல்லு இல்ல, ஆளு!"

"கல்லா இருந்தா இந்தக் கத்து கத்தாதுய்யா" என்றான் பிளாதோர்.

கூரையில் இரண்டு ஓடு உடைந்தது. முற்றத்துத் திறப்பில் வெளிச்சம் மறைந்து, இரண்டு கால்கள் தொங்கின. ஒரு கால் நேராக, ஒரு கால் கோணலாக. அதற்குள் தெருப் பெண்கள் எல்லோரும் என் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். வாசலை யாருக்காவது அடைத்து வைத்தால்தான் மற்றவர்களுக்கு அதன் அருமை தெரிகிறது போலும். கயிறு சுற்றிக்கொண்டு அவன் ஒரு வட்டம் சுற்றினான். பிறகு பிளாதோரின் பிடி வழுக்கி, மழைத்தண்ணீர்த் தொட்டியில் தொப்பென்று உட்கார்ந்தான். பச்சைத் தண்ணீர் சுவர் வரை தெறித்தது.

"பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு! சோதிரா, புள்ளையப் புடி!" என்று கஞ்சிக்கடைக்காரி கத்தினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துர்பியோவும் சிரித்தான். அவில்லியா அம்மியை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

வேலை என்று வந்துவிட்டால் நான் பாதியில் விடுகிறவள் இல்லை. கந்தலைக் கழற்றி, உடம்பு முழுக்க பொடியுப்பைத் தேய்த்தேன். பிறந்த குழந்தைக்கு அப்படித்தான் தேய்ப்போம், தோல் இறுகும். அவன் உடம்பில் பாதி இடம் புண். உப்புப் பட்டதும் 'ஐயோ' என்று அழுதான்.

"அழுதுட்டான். நல்ல புள்ள" என்றேன்.

"கொல்லாத சோதிரா. ரெண்டு வருஷம் கொன்னது போதும்."

"எங்கதான்யா இருந்த?"

"ஒரு தீவு. பேரு கூட கெடையாது. மீன் புடிக்கறவங்க நாலு வீடு. இடுப்பு ஒடைஞ்சு கெடந்தேன், அதைக் கட்டுப் போடக் கூட ஆள் இல்ல. வலை பின்னிக் குடுத்தேன், கஞ்சி ஊத்தினாங்க. ஒவ்வொரு கப்பலையும் கூப்பிடுவேன். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல. பார்த்துட்டுப் போனவனும் உண்டு. மனுஷன் கெடந்து கத்தறான், பார்த்துட்டுப் போறாங்க சோதிரா. அது எப்படி முடியுது அவங்களால?"

நான் வெந்நீரை ஊற்றினேன்.

துடைத்து, எண்ணெய் பூசி, துணியைச் சுற்றினேன். குழந்தைக்குச் சுற்றுவது போலவே, கைகளை உடம்போடு சேர்த்து, தோளிலிருந்து கால் வரை இறுக்கமாக. ஒரு குழந்தைக்கான துணி அவன் முழங்கைக்கே போதவில்லை. தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். சுற்றி முடித்ததும் தாடி வைத்த பெரிய மூட்டை மாதிரி இருந்தான். நாலு பெண்கள் சேர்ந்து தூக்கிப் போய் அடுப்புக்கு முன்னால் கிடத்தினோம். நான் தலைப்பக்கம்.

முதுகில் தரையின் சில்லிப்பு ஏறியபோதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். அடுப்பைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

"வீட்டுக்கு உரியவங்க தூக்குங்க" என்றான் ஸ்கைவா.

அவில்லியா அவன் காலடியில் வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். தெருப் பெண்களில் பலர் பிள்ளை பெற்ற படுக்கையில் இப்படிக் கிடந்தவர்கள். வெளியே புருஷனின் காலடிச் சத்தம் வருகிறதா, போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவர்கள். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவில்லியா" என்றான் அவன்.

அவள் அசையவில்லை.

"அம்மா, நான் தூக்கறேம்மா" என்று மகள் ஓடி வந்தது.

"பெரியவளே, அங்கயே நில்லு."

அந்தப் பெண் நின்றுவிட்டது. அவில்லியா குனிந்து அவனைப் பார்த்துக் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்கு அவ முகத்தைப் பார்த்தியா?"

அவன் கையை ஆட்டப் பார்த்தான். கட்டியிருந்த கை ஆடவில்லை. "இல்ல" என்றான்.

"வாசல் வரைக்கும் வந்தியே. ஏன் பார்க்கல?"

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. "பார்த்தா தூக்கிடுவேன்னு தெரியும்" என்றான் கடைசியில். "அதான் பார்க்கல."

கஞ்சிக்கடைக்காரி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். ஸ்கைவா ஏதோ சொல்ல வந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் சும்மா இருந்துவிட்டான்.

அவில்லியா நெடுநேரம் நின்றாள். அவள் இரக்கத்தோடு நின்றாள் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் கல்லாகத்தான் இருந்தது. தாண்டிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் அந்த வீட்டில் ஒருத்தியும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டாள். பிளாதோர் மறுபடி கயிற்றைக் கட்டி, மூட்டையாகவே ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டிருப்பான்.

"உனக்கு நான் கூப்பிட்டேன்" என்றாள். "கடலைப் பார்த்து மூணு தரம். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவளை ஒருத்தரும் கூப்பிடல. எங்க போறதுன்னு தெரியாம அலையறாளோ என்னமோ. இப்ப நீ கூப்பிடு."

"பேரே வைக்கலையே அவில்லியா."

"உன் பேருதான் அவ பேரும். கூப்பிடு."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது அவன் பிள்ளை என்று ஆகிவிடும். தூக்கியதற்குச் சமம். ஸ்கைவாவுக்கே அது உறைத்தது, "அப்படியொரு வழக்கம் கெடையாதே" என்று முனகினான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை. நான் போய்த் துர்பியோவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழக்கே, குப்பைமேடு இருக்கிற பக்கம் திருப்பினேன். அவனால் தானாகத் திரும்ப முடியாது.

"சின்ன நேவியா" என்றான். குரல் வெளியே வரவில்லை.

"அவளுக்குக் கேக்காது" என்றாள் அவில்லியா.

"சின்ன நேவியா!"

இந்த முறை தெரு வரைக்கும் கேட்டது. வெளியே நின்ற ஆண்களின் பேச்சு அடங்கியது. பெரியவள் சுவரில் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது தரம் அவன் கூப்பிட்டது, தீவிலிருந்து கப்பலைக் கூப்பிட்டானே, அந்தக் கூப்பாடாகத்தான் இருந்திருக்க வேண்டும். கண்ணீர் ஓடிக் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. என் கையிலெல்லாம் ஈரம்.

எல்லோரும் காத்திருந்தோம். எதற்கென்று தெரியாது. கூப்பிட்டால் பதில் வரும் என்று யாருக்கும் நினைப்பில்லை, ஆனாலும் காது கொடுத்துத்தான் நின்றோம்.

அவில்லியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். குனிந்து அவன் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். மூட்டை ஒரு சாண் எழும்பி மறுபடி தரையில் இறங்கியது.

"கனக்குது அக்கா" என்றாள். "ஒரு கை குடுங்க."

தூக்குவது என் வேலை இல்லை. ஆனாலும் கை கொடுத்தேன்.